விளக்குமாறு யார் கையில்?

பௌர்ணமி முடிந்த மறுநாள் காலையில் செங்கம் சாலையில் நடந்தவர்களுக்குத் தெரியும், கிரிவலப் பாதை எப்படிக் கிடக்கும் என்று. பாக்குமட்டைத் தட்டு, தண்ணீர் பாட்டில், கற்பூர அட்டை, அறுந்த செருப்பு. விடிவதற்குள் அவ்வளவும் அள்ளப்பட்டாக வேண்டும். அப்படி ஒரு காலையில் ரமணாசிரமம் பகுதியில் தூய்மைப் பணியாளர்களின் கூலி நிலுவை பற்றிப் பேசப் போயிருந்தோம். பேச்சு கூலியிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்குப் போனது. இரண்டாம் வகுப்பு படிக்கும் தன் மகளைப் பற்றி ஒரு தாய் சொன்னார்:

“டீச்சர் என்னத்தான் பெருக்கச் சொல்றாங்க, நான்தான் நல்லா பெருக்கறேன்னு கிளாஸ்ல கை தட்டச் சொன்னாங்கன்னு சந்தோஷமா வந்து சொல்லுதுங்க சார். எனக்குத்தான் வயிறு என்னமோ பண்ணிச்சி.”

அவர் கையில் நீளக் கம்பு கட்டிய தென்னந்துடைப்பம் இருந்தது. வேறொன்றும் சொல்லவில்லை. டிராக்டர் வந்துவிட்டது, போய்விட்டார்.

எந்தப் பள்ளி என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த ஆசிரியையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நோக்கமில்லை. கை தட்டச் சொன்னவர் கெட்ட மனத்தோடு சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறோம். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. கெட்ட மனத்தோடு செய்தால் வழக்கு உண்டு, காவல் நிலையம் உண்டு. நல்ல மனத்தோடு, பாராட்டோடு, ஒரு ஆறு வயதுப் பிள்ளையின் கையில் துடைப்பம் போய்ச் சேர்வதற்கு என்ன பெயர்?

ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் நாள்தோறும் சின்னச் சின்ன வேலைகள் இருக்கின்றன. மணி அடிக்க வேண்டும். கரும்பலகை துடைக்க வேண்டும். சாக்பீஸ் எடுத்து வர வேண்டும். வருகைப் பதிவேட்டைத் தலைமை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். நோட்டுகளைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். ஆசிரியருக்கு டம்ளரில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். காலைச் சிற்றுண்டிக்கும் மதிய உணவுக்கும் தட்டு எடுத்து வைக்க வேண்டும். வகுப்பைப் பெருக்க வேண்டும், குப்பைக்கூடையைக் கொட்ட வேண்டும், யாராவது வாந்தி எடுத்தால் மண் போட்டு அள்ள வேண்டும். பிள்ளைகள் இந்த வேலைகளுக்கு ஏங்குகிறார்கள். “நான் மிஸ், நான் மிஸ்” என்று கை தூக்காத பிள்ளை ஒன்றாம் வகுப்பில் கிடையாது. பொறுப்பு தரப்படுவது அந்த வயதில் பெரிய கௌரவம்.

இந்தப் பட்டியலை ஒருமுறை திரும்பப் படியுங்கள். இதில் இரண்டு வகை வேலைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, அடுத்தவர் வாயையும் அதிகாரத்தையும் தொடும் வேலை: தண்ணீர், தட்டு, பதிவேடு, சாவி, மணி. மற்றொன்று, அடுத்தவர் அழுக்கைத் தொடும் வேலை: துடைப்பம், குப்பைக்கூடை, வாந்தி, கழிப்பறை வாளி. ஊரில் சாதி எந்தக் கோட்டின் மேல் நடக்கிறதோ அதே கோடு வகுப்பறைக்குள்ளும் ஓடுகிறது. டம்ளர் எந்தப் பிள்ளை கையில், துடைப்பம் எந்தப் பிள்ளை கையில் என்று ஒரு மாதம் பார்த்தால் போதும். பல பள்ளிகளில் அந்த மாதம் முழுவதும் கைகள் மாறவே மாறாது.

இது எப்படி நடக்கிறது? சாதி கேட்டு யாரும் வேலை கொடுப்பதில்லை என்று ஆசிரியர்கள் சொல்வதைப் பெரும்பாலும் நம்புகிறோம். கேட்கத் தேவையில்லாமலே அது நடந்துவிடுகிறது. தூய்மைப் பணிக்குப் போகும் தாய் விடிகாலை நாலு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். பிள்ளை தானே எழுந்து, தானே தலைவாரி, எட்டு மணிக்கே பள்ளியில் வந்து உட்கார்ந்திருக்கும். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் கையில் துடைப்பம். வீட்டிலும் அது பெருக்கிப் பழகிய பிள்ளை, அழகாகப் பெருக்கும். நன்றாகப் பெருக்குவதால் மறுநாளும் அதற்கே. அடுத்தது, கேட்பதற்கு ஆள் இல்லாத பிள்ளை. ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளையிடம் குப்பைக்கூடையைக் கொடுத்தால் மாலையில் அப்பா பள்ளிவாசலில் நிற்பார். அது ஆசிரியருக்குத் தெரியும். கூலிக்குப் போகும் வீட்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள். அதுவும் தெரியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். கற்பிப்பதற்கு அது நல்ல ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் ‘மலர்’ பிள்ளை எப்போதும் லீடர், ‘அரும்பு’ பிள்ளை எப்போதும் எடுபிடி என்று வேலைப் பங்கீடும் அதன் பின்னாலேயே போய்விட்டால், படிப்பில் பின்தங்கிய பிள்ளை பாடம் நடக்கும் நேரத்தில்தான் வெளியே அனுப்பப்படும். தண்ணீர் பிடிக்கப் போன பிள்ளை திரும்பி வருவதற்குள் ‘ற’வுக்கும் ‘ர’வுக்கும் உள்ள வேறுபாடு சொல்லி முடிந்திருக்கும்.

பெண்பிள்ளைகள் விஷயம் தனி. டம்ளர் கழுவுவதும் கோலம் போடுவதும் எல்லாச் சாதிப் பெண்பிள்ளைகளுக்கும் வருகிறது. துடைப்பம் மட்டும் அதிலும் தேடிப் போய்ச் சேருமிடம் ஒன்றுதான்.

வகுப்பறை உதவியாளர் என்ற ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ‘சட்டாம்பிள்ளை’ இருந்தான். மூத்த மாணவன், வாத்தியார் இல்லாத நேரத்தில் அவனே வாத்தியார். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். பெரிய பிள்ளைகளைக் கொண்டே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கும் முறையைத் தம் பள்ளியில் வளர்த்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். நம் மண்ணிலிருந்து கடல் கடந்து போன கல்வி முறை என்று பெருமையாகச் சொல்கிறோம், சொல்லலாம். ஆனால் அந்தத் திண்ணையில் ஏற நம் பாட்டன்மாருக்கு அனுமதி இல்லை. ஆகவே சட்டாம்பிள்ளையாகும் பேச்சே எழவில்லை. சேரிப் பிள்ளைகளுக்கென்று ஆல்காட் அடையாறில் பள்ளி தொடங்கியது 1894இல்தான்.

உள்ளே போன பிறகு என்ன நடந்தது? சாதாராவில் பள்ளி சென்ற அம்பேத்கர் தாம் உட்காரும் சாக்குத் துணியை வீட்டிலிருந்து கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார். பள்ளியைச் சுத்தம் செய்யும் பணியாள்கூட அந்தச் சாக்கைத் தொட மாட்டார். குழாயைப் பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராவிட்டால் தாகத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். தண்ணீர் தருபவர் யார் என்பது ஒரு சிறுவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அதிலிருந்து தெரிகிறது.

உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில் பர்லா என்ற கிராமத்தில் படித்த ஓம்பிரகாஷ் வால்மீகி, 1997இல் வெளிவந்த தம் தன்வரலாறான ‘ஜூதன்’ நூலில் எழுதியிருக்கிறார். நான்காம் வகுப்பில் அவரைத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, மரக்கிளையை ஒடித்துத் துடைப்பம் செய்து பள்ளி முழுவதையும் பெருக்கச் சொன்னார். அது உன் குலத்தொழில்தானே என்பதே காரணம். மற்ற பிள்ளைகள் வகுப்பில் படித்துக்கொண்டிருக்க, அவர் மைதானத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அந்த வழியாக வந்த அப்பா பார்த்தார். துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தலைமை ஆசிரியரை நேருக்கு நேர் கேட்டார். அந்த அப்பா அந்தப் பக்கம் வராமலிருந்திருந்தால் நமக்கு ஓர் எழுத்தாளர் கிடைத்திருப்பாரா என்று நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்வதுண்டு.

தமிழ்நாட்டில் இதே எண்ணம் அரசின் திட்டமாகவே வந்தது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில் பள்ளி நேரம் பாதியாகக் குறைந்தது. மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்த ஆணை போய் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆணை இல்லாமலே, பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே, காலை எட்டரை மணிக்கு அந்தத் தொழிற்பயிற்சி இன்னமும் நடக்கிறது என்பதுதான் எங்கள் வருத்தம்.

துடைப்பம் அதோடு நிற்பதும் இல்லை. 2015 நவம்பரில் நாமக்கல் நகராட்சிப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு தலித் மாணவனை, வகுப்பில் வேறொரு பிள்ளை கழித்த மலத்தை அள்ளச் சொன்னதாக ஆசிரியை கைது செய்யப்பட்டார். இரண்டாம் வகுப்பு, ஏழு வயது. 2022 இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியை மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, அவர் கைதானார். ஒரு பிள்ளை டெங்குக் காய்ச்சலில் விழுந்த பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. 2023 டிசம்பரில் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் மாலூர் அருகே மொரார்ஜி தேசாய் உறைவிடப் பள்ளியில் மாணவர்களைக் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளேயே இறக்கினார்கள்.

இந்தச் செய்திகளைப் படிக்கும்போது நாம் அதிர்ச்சி அடைகிறோம். ‘மனசாட்சி இல்லையா’ என்கிறோம். ஆனால் இந்தப் பிள்ளைகள் திடீரென்று ஒரு நாள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க மாட்டார்கள். வேலை என்று வந்தால் இவன்தான், இவள்தான் என்று அதற்கு முன்பே வகுப்பு பழகியிருக்கும். பிள்ளையும் பழகியிருக்கும். டெங்கு வரும்வரை வீட்டில் சொல்லத் தோன்றாத அளவுக்குப் பழகியிருக்கும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் 2023 செப்டம்பரில், காலைச் சிற்றுண்டி சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர்கள் சொன்னார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். அதே மாதம் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும் இதே சிக்கல். பெருக்கும்போது இனிக்கும் கை, சோறு பரிமாறும்போது கசக்கிறது. பெரியவர்களிடம் இருக்கும் இந்தக் கோட்டைப் பிள்ளைகள் எங்கே கற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்டால், வீட்டில் என்பது பாதிப் பதில்தான். வகுப்பில் யார் தட்டு எடுத்து வைக்கிறார்கள், யார் சிந்திய சோற்றைத் துடைக்கிறார்கள் என்பதை ஐந்து வயதிலிருந்து நாள்தோறும் பார்த்துத்தானே வளர்கிறார்கள்? நம் மாவட்டத்திலேயே தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உடன் வந்துதான் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கால் வைக்க முடிந்தது. அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. அப்படிப்பட்ட ஊர்களின் இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில், ஒரே பாயில் உட்காருகிறார்கள். அந்தப் பாயைச் சுருட்டி வைப்பது யார் என்பது சின்ன விஷயமில்லை.

‘அப்படியானால் பிள்ளைகள் வேலையே செய்யக் கூடாதா? தன் இடத்தைத் தான் சுத்தம் செய்வது நல்ல பழக்கம்தானே? காந்தி சொன்னாரே, ஜப்பானில் செய்கிறார்களே?’ இந்தக் கேள்வியை ஆசிரியர்களும் நம் தோழர்களுமே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஜப்பானைச் சொன்னதால் அதையே பார்ப்போம். அங்கே தொடக்கப் பள்ளிகளில் நாள்தோறும் குறிப்பிட்ட நேரம் எல்லாப் பிள்ளைகளும் சுத்தம் செய்கிறார்கள். ஆசிரியரும் கூடவே செய்கிறார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து உதவுவது பல பள்ளிகளில் வழக்கம். முக்கியமானது அடுத்தது: மதிய உணவு பரிமாறும் வேலையையும் பிள்ளைகளே செய்கிறார்கள், வெள்ளை மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, முறை வைத்து. இந்த வாரம் துடைப்பம் பிடித்த கை அடுத்த வாரம் எல்லோருக்கும் சூப் ஊற்றும். அந்த நாட்டிலும் இறைச்சி, தோல் வேலை செய்ததற்காக ஒதுக்கி வைக்கப்பட்ட புராக்குமின் மக்கள் உண்டு. சாதி போன்ற ஒன்று அங்கே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் வகுப்பறை முறைப்பட்டியலில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஜப்பானிலிருந்து துடைப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, முறைப்பட்டியலையும் சூப்புக் கரண்டியையும் விட்டுவிட்டு வருவது என்ன நியாயம்?

இன்னொரு உதாரணம் நம் வாசலிலேயே இருக்கிறது. ரமணாசிரமத்தில் பல ஆண்டுகள் ரமணரே விடியற்காலையில் சமையலறையில் காய் நறுக்கினார், அம்மியில் அரைத்தார், இலை தைத்தார். படித்தவர்கள் அதை இன்றும் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள். அதே காலத்தில் அந்த ஆசிரமத்தின் உணவுக் கூடத்தில் பிராமணர் பந்தி ஒரு பக்கம், மற்றவர் பந்தி ஒரு பக்கம் என்றுதான் இருந்தது. ஒருவர் தாமே விரும்பி எடுக்கும் வேலை அவருக்குப் புகழாகிறது. அதே வேலை பிறப்பைப் பார்த்துக் கொடுக்கப்பட்டால் அது முத்திரை. 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா திட்டம் தொடங்கியபோது நாடெங்கும் பிரமுகர்கள் புத்தம்புதுத் துடைப்பத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் அவர்களில் எவரையும் யாரும் ‘நன்றாகப் பெருக்குகிறீர்கள், நாளையும் வாருங்கள்’ என்று சொல்லவில்லை.

சரி, வகுப்பில் என்னதான் செய்வது? பெரிய செலவு ஒன்றுமில்லை. ஒரு சார்ட் அட்டை, பிள்ளைகளின் பெயர் எழுதிய சீட்டுகள், சீட்டைச் செருகும் பைகள். ஒவ்வொரு பைக்கும் மேலே வேலையின் பெயரும், எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்காகப் படமும். திங்கட்கிழமை காலையில் சீட்டுகள் ஓர் இடம் நகரும், அவ்வளவுதான். பெயர்கள் அகரவரிசையில் இருக்க வேண்டும். ஆசிரியரின் கண் தேர்ந்தெடுக்கக் கூடாது, அட்டை தேர்ந்தெடுக்க வேண்டும். யார் நன்றாகச் செய்கிறார்கள் என்பது கணக்கே இல்லை. கோணலாகக் கரும்பலகை துடைத்தால் துடைத்துவிட்டுப் போகட்டும்.

இதில் பலர் தவறவிடும் இடம், லீடர் பதவி. கரும்பலகையும் சாக்பீஸும் சுற்றில் வரும். லீடர் மட்டும் ஜூன் மாதம் நியமிக்கப்பட்டு ஏப்ரல் வரை ஒரே பிள்ளையாக இருக்கும். பேசுகிறவர் பெயரைப் பலகையில் எழுதும் அதிகாரம் அந்தப் பிள்ளைக்கு. அதுவும் சுற்றில் வர வேண்டும். தண்ணீர், தட்டு, பதிவேடு, மணி எல்லாமே வர வேண்டும். கூச்சப்படும் பிள்ளைக்கு லீடர் வேலை வராது என்பார்கள். ஒரு வாரம்தானே? கூச்சம் போவதற்கும் ஒரு வாரம் வேண்டாமா? ஆசிரியர் பெயரிலும் ஒரு சீட்டு இருந்தால் இன்னும் நல்லது. குப்பைக்கூடை வாரத்தில் ஆசிரியர் கூடையைத் தூக்கிக்கொண்டு போவதை ஒருமுறை பார்த்த பிள்ளைகள் அதை மறக்க மாட்டார்கள்.

எந்த வேலை அட்டையில் வரவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கழிப்பறை வேண்டாம், எந்தப் பிள்ளைக்கும், எந்த முறையிலும். வாந்தி, மலம், சாக்கடை அதே கணக்கு. நீர் நிறைந்த குடம் தூக்குவது ஆறு வயது முதுகுக்கு ஆகாது. ஆசிரியரின் சொந்த வேலைகள், கடைக்குப் போவது, டீ வாங்குவது, வண்டி துடைப்பது, இவையும் வேண்டாம். துடைப்பத்தைப் பற்றி எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. எல்லோரும் முறை வைத்துப் பெருக்கலாம் என்கிறார்கள் சிலர். எங்கள் முடிவு வேறு: ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை துடைப்பமே வேண்டாம். துடைப்பம் பிள்ளையைவிட உயரம், தூசி நேராக மூக்குக்குப் போகிறது. கீழே கிடக்கும் காகிதத்தை எல்லோரும் பொறுக்கட்டும், தன் தட்டைத் தான் கழுவட்டும், அது போதும். துடைப்பத்துக்கு வரலாறு இல்லாத ஊரில் வேறு மாதிரி யோசிக்கலாம்.

ஆனால் துடைப்பத்தைப் பிள்ளையிடமிருந்து வாங்கினால் யாரிடம் கொடுப்பது? இங்கேதான் ஆசிரியர்களின் பக்க நியாயம் வருகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புக்கும் அவர்களேதான். அந்தச் சட்டத்தின் அட்டவணை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. அதைக் கழுவும் ஆளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கட்டடத்தை எண்ணத் தெரிந்த சட்டத்துக்கு ஆளை எண்ணத் தெரியவில்லை. பல தொடக்கப் பள்ளிகளில் உள்ளாட்சி அமைப்பு மூலம் பகுதிநேரமாக ஒருவரைப் போட்டு, சொற்பத் தொகை கொடுக்கிறார்கள். அதுவும் மாதக் கணக்கில் நின்றுபோவதுண்டு. அவர் வராத நாளில் ஆசிரியர் தாமே துடைப்பத்தை எடுப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பிள்ளையைக் கூப்பிடுவதையும் பார்த்திருக்கிறோம். அந்தப் பகுதிநேரப் பணியாளரும் பெரும்பாலும் யார் என்று சொல்லத் தேவையில்லை. தாய்க்கு நியாயமான சம்பளம் கொடுக்காமல் மிச்சம் பிடிக்கும் பணத்தின் மீதியை மகள் கட்டுகிறாள். ஆகவே பள்ளிக்கு முறையான ஊதியத்தோடு, கையுறையும் கருவியும் கொடுத்து, தூய்மைப் பணியாளரை நியமி என்ற கோரிக்கை தொழிலாளர் கோரிக்கை மட்டுமல்ல, கல்விக் கோரிக்கையும்கூட.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மனிதக் கழிவைக் கையால் அள்ளவைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினரை அந்த வேலை செய்யவைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம். சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவரே கொடுமை செய்தால் தண்டிக்கிறது. ஆனால் இவையெல்லாம் கழிப்பறை வாளி வரை வந்த பிறகு பயன்படும். யாருக்கு டம்ளர், யாருக்குக் குப்பைக்கூடை என்று பார்க்கும் சட்டம் எதுவும் கிடையாது.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வகுப்பில் பிள்ளைகள் அகரவரிசைப்படியே உட்கார வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உள்ளன. கையில் கட்டும் கயிற்றின் நிறம் பற்றித்தான் தொலைக்காட்சிகளில் விவாதம் ஓடியது. உட்காரும் இடத்துக்கு அகரவரிசை என்றால் வேலைக்கும் அதே அகரவரிசை என்று கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்புவதற்கு என்ன தடை?

அதுவரை நம் கையில் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். கூட்டத்துக்குப் போனால் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். போய் உட்கார்ந்து, வகுப்பில் வேலை முறைப்பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் பள்ளித் தூய்மைப் பணியாளர் பற்றித் தீர்மானம் கொடுங்கள். கல்லூரி மாணவர்கள் தாங்கள் படித்த தொடக்கப் பள்ளிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அட்டை செய்து கொடுப்பது அரை நாள் வேலை. பிள்ளையைக் கழிப்பறை கழுவச் சொன்னால் தயங்க வேண்டாம்: குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417, வன்கொடுமைப் புகாருக்கு 14566.

வீட்டில் பிள்ளையிடம் ‘இன்னிக்கு என்ன பாடம்’ என்று கேட்கிறோம். ‘இன்னிக்கு உனக்கு என்ன வேலை கொடுத்தாங்க, நேத்து யாருக்குக் கொடுத்தாங்க’ என்றும் சேர்த்துக் கேட்கலாம். பிள்ளைகள் மறைக்க மாட்டார்கள். பெருமையாகவே சொல்வார்கள்.

அந்தத் தாயோடு நாங்களும் பள்ளிக்குப் போனோம். சண்டைக்குப் போகவில்லை. ஆசிரியை முதலில் முகம் சுளித்தார். “எல்லாப் பிள்ளையும் எனக்கு ஒண்ணுதாங்க” என்றார். ஒரு வாரம் யார் யார் என்ன செய்தார்கள் என்று நீங்களே குறித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம் என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டோம். பத்து நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். குறித்த தாளில் என்ன இருந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. “அட்டை ஒண்ணு செஞ்சிருக்கேன், வந்து பாருங்க” என்றார்.

போய்ப் பார்த்தோம். எட்டுப் பைகள், எட்டுப் படங்கள். துடைப்பம் படம் இல்லை. அந்த வாரம் லீடர் பையில் யார் பெயர் என்று தாய் எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர் மகள் பெயர் இல்லை, வேறு ஒரு பையன். மகளின் சீட்டு ‘செடிக்குத் தண்ணீர்’ பையில் இருந்தது. லீடர் பைக்கு வர இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று மகளே விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். பகுதிநேரத் தூய்மைப் பணியாளர் இடம் மட்டும் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. காலை எட்டரைக்கு இப்போது இரண்டு ஆசிரியைகளும் மாறி மாறிப் பெருக்குகிறார்கள். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்த இடத்தை நிரப்பக் கோரும் தீர்மானம் வருகிறது. கையெழுத்துப் போட அந்தத் தாயும் போகிறார், இரண்டு மணி நேரம் அனுமதி கிடைத்தால்.